எந்தக் காற்றில் போனார்கள்?

உல்லாசக் கப்பல் பிரயாணம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது படங்களில் பார்த்த காட்சிதான். வெள்ளை வெளேரென்ற பாய்களை விரித்துக்கொண்டு ஒரு படகு. அதன் மேல்தட்டில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஒரு தனவந்தர். பக்கத்தில் குடை பிடித்தபடி அவருடைய துணைவியார். துறைக்குத் துறை இறங்கி ஊர் பார்த்துவிட்டு, மறுபடியும் படகேறிப் போவார்கள். நானும் என் மனைவியும் அப்படிப்பட்ட பிரயாணம் ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம் என்று சொன்னால், இந்தப் பகுதியைத் தவறாமல் வாசித்து வரும் நேயர்கள் சிரிப்பார்கள். "உபாத்தியாயர் சம்பளத்தில் கப்பலா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கப்பல் இல்லை, வத்தை. சாய்வு நாற்காலி இல்லை; வலைக் குவியல். குடை மட்டும் இருந்தது. புறப்பட்ட ஒரு மணி நேரத்தில் அதைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது.

வத்தையைப் பற்றி உள்நாட்டு வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கோடியக்கரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வளைந்து கிடக்கும் குடாக்கடல், 1763 முதல் 1767 வரையில் சென்னையில் கவர்னராயிருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரை இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆழமில்லாத கடல் அது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்ளே தரை தட்டிவிடும். கரையோரமாக வெகு தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். அந்தக் கடலுக்கென்றே அமைந்தது வத்தை. அடிப்பாகம் தட்டை, உருவம் நீண்ட பெட்டியைப் போன்றது, மூன்று பாய்மரங்கள் உண்டு. படகின் குறுக்கே ஒரு நீளமான பலகை, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாயில் காற்று நிறைந்து படகு ஒருபுறம் சாயும்போது, ஆட்கள் அந்தப் பலகையில் ஏறிக் கடலுக்கு மேலே உட்கார்ந்து, தங்கள் உடம்பின் பாரத்தாலேயே படகை நிமிர்த்துவார்கள். இப்போது பெரும்பாலான படகுகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் பாய் வைத்து ஓட்டும் வித்தை முற்றிலும் மறைந்துவிடவில்லை. தொண்டிப் பக்கத்தில் பாய்மரப் படகுப் பந்தயம் என்றால் இன்றும் கரை முழுதும் ஜனங்கள் கூடிவிடுகிறார்கள்.

இந்தப் பிரயாணத்துக்கு விதை போட்டவள் என் மனைவி. "இருபது வருஷமாகச் சோழருடைய கப்பற்படையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் போதாதென்று வீட்டிலும் பிரசங்கம் செய்கிறீர்களே, ஒரு நாளாவது படகில் ஏறியிருக்கிறீர்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். சரித்திர உபாத்தியாயரைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி அது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தோம். படகுக்குக் கயிறு வாங்க வந்திருந்தான். மடித்துக் கட்டிய வேஷ்டியை என்னைக் கண்டதும் அவிழ்த்துவிட்டு, "ஸார், ஒரு தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு நம் வத்தையில் வாருங்கள்" என்றான். என் மனைவி எனக்கு முன்னதாகவே சம்மதித்துவிட்டாள். எனக்குத் தயக்கம். தண்ணீரைக் கண்டு பயந்தேன் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அந்த மாணவனுடைய பெயரை இங்கே எழுத உத்தேசமில்லை. படகைச் செலுத்துகிறவனுக்குத் தண்டல் என்று பெயர். ஆகவே தண்டல் என்றே அவனைக் குறிப்பிடுகிறேன்.

காணும் பொங்கலன்று புறப்படுவது. சனி, ஞாயிறு இரண்டு நாள், தற்செயல் விடுப்பு ஒரு நாள். மனோராவிலிருந்து தேவிபட்டினம் வரையில் கரையோரமாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். இரவில் கரையில் தங்கல். இப்படித் திட்டம் ஏற்பட்டது. இயந்திரம் இருந்தாலும் அவசியமின்றி அதைத் தொடுவதில்லை என்று தண்டல் வாக்களித்தான். முன்கூட்டியே கடலோரக் காவலரிடம் தகவல் சொல்லப் போனோம்.

"எதற்காகப் போகிறீர்கள்?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"பார்ப்பதற்காக."

"என்ன பார்க்க?"

"கரையை" என்றாள் என் மனைவி.

அவர் ஜன்னல் வழியே வெளியில் தெரிந்த கரையை ஒரு தடவை பார்த்தார். எங்களையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

★

மனோராவைத் தரை வழியாகப் பல தடவை பார்த்திருக்கிறேன். மாணவர்களை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், எட்டு அடுக்கு, அறுகோணம், சுற்றிலும் மதில், அகழி என்று குறிப்பெழுதச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபுரத்தை இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டினார். வாட்டர்லூ யுத்தத்தின் ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் அங்குள்ள கல் குறிப்பிடும் வருஷம் 1814. வாட்டர்லூ நடந்ததோ 1815, ஜூன் 18. நெப்போலியன் முதல் தடவை வீழ்ச்சியடைந்ததைக் கேட்டு எழுப்பிய கோபுரம் அது. கொண்டாடிய பிறகு அந்த மனிதர் தீவிலிருந்து தப்பி வந்து இன்னொரு தடவை யுத்தம் செய்தார் என்பது சரித்திரத்தின் குறும்பு.

கடலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்தக் கோபுரம் எதற்காக அந்த இடத்தில் நிற்கிறது என்பது எனக்கு விளங்கிற்று. நிலத்திலிருந்து வருகிறவனுக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முகம் கடலை நோக்கியது. கப்பலில் போகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்த அடையாளம் அது.

"1799-ல் ராஜ்ய நிர்வாகத்தை இவரிடமிருந்து கும்பினியார் வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னீர்களே? வாங்கிக்கொண்டவர்கள் ஜெயித்ததற்காகக் கொடுத்தவர் கோபுரம் கட்டினாரா?" என்று கேட்டாள் என் மனைவி.

ஆம் என்றேன். ஆனால் அதே மன்னர்தான் சரசுவதி மகாலில் சுவடிகளையும் புத்தகங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார் என்பதையும் சொல்லிவைத்தேன். ராஜ்யமற்ற ராஜா ஒருவர் தம் காலத்தில் செய்த இரண்டு காரியங்கள். ஒன்றைக் காணக் கடலுக்கு வர வேண்டும். மற்றொன்றைக் காணத் தஞ்சாவூருக்குப் போக வேண்டும்.

கரை நெடுகத் தென்னந்தோப்புகள். ஆனால் அடர்த்தி ஒரே சீராக இல்லை. நெட்டை மரங்களுக்கு நடுவே ஆளுயரக் கன்றுகள் திட்டுத் திட்டாக நின்றன. "2018-ல் வந்த கஜாப் புயல், ஸார்" என்றான் தண்டல். அந்த வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கரையைக் கடந்த அந்தப் புயலில் இந்தப் பக்கத்துத் தோப்புகள் வேரோடு சாய்ந்த கதையைப் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். தண்டல் அந்த இரவில் முந்தைய வத்தையை இழந்துவிட்டான். இப்போது நாங்கள் ஏறியிருந்தது, அதன் பிறகு கடன் வாங்கிக் கட்டியது.

தண்ணீர் தெளிந்த ஓரிடத்தில் என் மனைவியைக் குனிந்து பார்க்கச் சொன்னான். அடியில் பச்சைப் பசேலென்று புல்வெளி. காற்றில் நெல் அசைவதுபோல அசைந்துகொண்டிருந்தது. கடற்புல் என்பார்கள். இதை மேய்வதற்கென்றே ஒரு பிராணி உண்டு. ஆவுளியா என்றும் கடல்பசு என்றும் பெயர். மீனைப் போல் நீந்தினாலும் மீனல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. மூச்சு விடுவதற்கு மேலே வந்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேல் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். ஆகவே வலையில் ஒன்று மாண்டாலும் நஷ்டம் பெரிது. தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களையொட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022, செப்டம்பரில் கடல்பசுக் காப்பகமாக அரசாங்கம் அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. நாங்கள் அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தோம். கடல்பசு ஒன்றும் எங்களுக்குத் தரிசனம் தரவில்லை. ஆனால் தண்டலின் வலையில் ஒரு தடவை தாயும் குட்டியுமாக அகப்பட்டனவாம். வலையை அறுத்துவிட்டதாகச் சொன்னான். "அது அழும் ஸார். பார்த்தவன் கை வைக்க மாட்டான்" என்றான்.

★

பிற்பகல் வரையில் வாடைக் காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. நானும் தைரியம் பெற்று, மணமேல்குடி முனை தெரிந்ததும் குலச்சிறை நாயனார் அவதரித்த தலம் அது என்பதை விஸ்தாரமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாண்டியனுடைய மந்திரியாக அவர் இருந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் காற்று கிழக்கே திரும்பிக் கொண்டலாயிற்று. திடீரென்று பலத்தது. படகு கரைப்பக்கமாகச் சாய்ந்தது; தண்ணீர் விளிம்பைத் தொட்டது. தண்டலின் தம்பி பாய்க் கயிற்றில் தொங்கினான். கூட வந்த பெரியவர் ஒருவர் பலகையின் நுனிக்கு நகர்ந்தார். பாரம் போதவில்லை.

"ஸார், பலகைக்கு வாருங்கள்!"

"நானா?" என்றேன். நான் எங்கிருக்கிறேன், கை எதைப் பிடித்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. என் மனைவி புடைவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏற்கெனவே பலகையில் இருந்தாள்.

"சொன்னால் கேளுங்கள் ஸார்!" என்று சுக்கானிலிருந்து ஒரு குரல் வந்தது.

நேயர்களே, அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என்னுடைய குரல். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பையன்களை அடக்குவதற்காக இருபத்திரண்டு வருஷமாக நான் உபயோகித்து வரும் அதே வார்த்தைகள், அதே தொனி. நான் கேட்டேன். தவழ்ந்துபோய்ப் பலகையில் உட்கார்ந்தேன். எங்களுக்குக் கீழே கடல் ஓடிற்று. படகு மெல்ல நிமிர்ந்தது. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். என் மனைவி ஒரு கையால் கயிற்றையும் மற்றொரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். எதை அதிக நம்பிக்கையோடு பிடித்தாள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

கோட்டைப்பட்டினத்தில் கரை சேர்ந்ததும் தண்டல் என்னிடம் வந்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் ஸார், அவசரத்தில் சத்தம் போட்டுவிட்டேன்" என்றான். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

அன்றிரவு அவனுடைய உறவினர் வீட்டில் தங்கினோம். வாசலில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். தூரத்தில் விசைப்படகுகளின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. என் மனைவி கேட்டாள்: "அவன் அதட்டினபோது உங்கள் முகம் ஏன் அப்படி மாறிற்று? பயத்தினால் மாறின மாதிரித் தெரியவில்லையே."

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாத விஷயம். இருபது வருஷத்துக்கு முன் நான் கடற்கரையோரத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். ராஜேந்திர சோழனுடைய கடாரப் படையெடுப்பைப் பாடமாக நடத்தி, 1025 என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், எந்தக் காற்றில் போனார்கள்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "தேர்வில் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள், உட்கார். நீ கடலுக்குப் போகத்தான் லாயக்கு" என்றேன். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் தகப்பனார் நோயில் விழுந்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அதையே காரணமாக வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

என் மனைவி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு அவனிடம் கேட்டுவிடுங்கள்" என்றாள்.

"மன்னிப்பா?"

"அது உங்கள் இஷ்டம். நான் சொன்னது அந்தக் காற்றை. எந்தக் காற்று என்று இன்னமும் உங்களுக்குத் தெரியாதல்லவா?"

★

மறுநாள் கேட்கவில்லை. உபாத்தியாயர்களுக்கு எதையும் ஒத்திப்போடத் தெரியும். மீமிசலில் படகை நிறுத்திவிட்டு, தண்டலையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸேறி ஆவுடையார்கோவிலுக்குப் போனோம்.

பழைய பெயர் திருப்பெருந்துறை. பெயரில் துறை இருக்கிறது. கடலோ இன்று வெகு தூரத்தில் இருக்கிறது. குதிரைகள் வாங்கிவரும்படி பாண்டியன் பொருள் கொடுத்து அனுப்ப, கடற்கரையை நோக்கி வந்த வாதவூரர் இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகரானார் என்பது புராணம். குதிரைக்கென்று வந்த பணம் கோயிலாயிற்று. பக்தர்கள் பக்திக் கதையாகக் கேட்கட்டும். சரித்திர உபாத்தியாயனுக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. குதிரை என்றால் கடல். பாண்டிய நாட்டுக்கு நல்ல குதிரை கப்பலில்தான் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் வந்த மார்க்கோ போலோவும் அந்த வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மற்றக் கோயில்களிலிருந்து இது பல விதத்தில் வேறானது. கருவறையில் லிங்கத்தின் பாணம் இல்லை. ஆவுடையார் மாத்திரம் இருக்கிறது. கொடிமரமும் நந்தியும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி, எழும் ஆவியையே நைவேத்தியமாக்குகிறார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். இவ்வளவு எளிய சாப்பாடு வைக்கும் சுவாமிக்கு மண்டபம் மட்டும் இவ்வளவு ஆடம்பரமாக எப்படி வாய்த்ததென்று என் மனைவி வியந்தாள்.

ஆடம்பரந்தான். தூணில் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். மேலே நிமிர்ந்தால் கொடுங்கை. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஆணி அடித்துப் பொருத்தியது போலவே, கருங்கல்லை மெல்லிய கூரையாக இழைத்திருக்கிறார்கள். பழைய காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, இந்தக் கொடுங்கையைப் போலச் செய்யச் சொல்லக் கூடாது என்று விலக்கு எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்பது வழக்கு.

தண்டல் கழுத்து வலிக்கும் வரையில் அண்ணாந்து பார்த்தான். பிறகு, "ஸார், வத்தையைக் கவிழ்த்துப் போட்டு உள்ளேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்" என்றான்.

நான் எத்தனையோ தடவை அந்தக் கூரையை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். ஓடம் கட்டுகிறவனுடைய கண்ணும் கூரை வேய்கிறவனுடைய கண்ணும் ஒன்றுதான் என்பது ஒரு நாளும் எனக்குத் தோன்றினதில்லை.

★

மூன்றாம் நாள் மீமிசலிலிருந்து தொண்டிக்குப் போனோம். காலைக் கடல் சாதுவாயிருந்தது. கொண்டல் மெதுவாக வீசிற்று. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் தொண்டித் துறை பேசப்படுகிறது. அகில், துகில், சந்தனம், வாசனைப் பொருள், கர்ப்பூரம் இவற்றையெல்லாம் கப்பல்கள் கொண்டுவந்து இறக்க, அந்த வாசனையைச் சுமந்துகொண்டு கொண்டல் காற்று மதுரைக்குள் புகுகிறது என்று இளங்கோவடிகள் சொல்கிறார். மேல்கடற்கரையிலும் ஒரு தொண்டி உண்டு, அது சேரனுடையது. இங்கே சொல்லப்படுவது கிழக்குத் தொண்டி. இதை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன். ஆயினும் "கொண்டல்" என்பதைச் சொல்லகராதியில் பார்த்து, "கீழ்காற்று" என்று ஓரத்தில் பென்ஸிலால் எழுதினதோடு சரி. அன்று அது என் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

கவி காற்றின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கல்வெட்டைப் படித்த நான் காற்றைக் கேட்கவில்லை. மாணவன் கேட்டான். அதற்குமேல் ஒத்திப்போட முடியவில்லை.

"தம்பி, கடாரத்துக்கு எந்தக் காற்றில் போயிருப்பார்கள்?" என்றேன்.

அவன் சுக்கானைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கடலையே பார்த்தான். பிறகு சிரித்தான். "1025 தானே ஸார்?" என்றான்.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிழக்கே போகிறவனுக்குக் கச்சான் வேண்டும் ஸார். மேற்கிலிருந்து வரும் காற்று முதுகில் இருந்தால்தான் அவ்வளவு தூரம் ஓட முடியும். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பர்மாவுக்குப் போய்வந்த பாட்டன்மார் அப்படித்தான் சொல்வார்கள். திரும்பி வருவதற்கு வாடை வேண்டும். வாடை தொடங்குவது ஐப்பசி, கார்த்திகையில். அதில் புயலும் உண்டு. மார்கழி, தை ஆனால்தான் நம்பி வரலாம். ஆகவே போனவன் போன வேகத்தில் திரும்ப முடியாது. காற்று மாறும் வரையில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பாடப் புத்தகத்தில் ஒரே வரி: கடாரத்தை வென்று திரும்பினான். அந்தத் "திரும்பினான்" என்ற சொல்லுக்குள் அரை வருஷத்துக்கு மேல் அடங்கியிருக்கிறது. அத்தனை மாதத்துக்கு அரிசி, தண்ணீர், அந்நியக் கரையில் காற்றுக்காகக் காத்திருந்த சிப்பாய்கள், இந்தக் கரையில் அவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள். கல்வெட்டு வெற்றி கொண்ட ஊர்களைச் சொல்கிறது, நாட்களைச் சொல்லவில்லை. ஒரு பையன் கேட்ட கேள்வி அந்த நாட்களுக்கு வழி திறந்திருக்கும். நான் அந்தக் கதவை அடைத்தேன்.

"அன்றைக்கு நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ஞாபகமிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது ஸார். கடலுக்குப் போகத்தான் லாயக்கு என்றீர்கள்." பாய்க் கயிற்றைச் சற்றுத் தளர்த்தினான். "லாயக்காகத்தானே இருக்கிறேன்?" என்றான்.

அவன் குத்திக் காட்டவில்லை. அந்தக் குரலில் பெருமையும் இருந்தது. அதனாலேயே எனக்கு அது தைத்தது. நான் வசையாகச் சொன்ன ஒரு சொல்லை அவன் இருபது வருஷத்தில் விருதாக்கிக்கொண்டிருக்கிறான். வகுப்பில் சோழர் கடலை ஆண்டார்கள் என்று மார் தட்டுகிறோம். கடலுக்குப் போகிறவனின் பிள்ளையைப் பார்த்து, படிக்காவிட்டால் கடலுக்குத்தான் போவாய் என்கிறோம். இரண்டையும் ஒரே வாயால், ஒரே மணி நேரத்தில் சொல்லிவிட்டு, சாக்குக் கட்டியைத் தட்டிவிட்டு வருகிறோம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை எப்படி வாங்கிக்கொள்வதென்று தெரியாமல் தம்பியை எதற்கோ அதட்டினான். பிறகு, தன்பாட்டில் பேசுகிறவன்போலச் சொன்னான்:

"என் மகள் எட்டாவது படிக்கிறாள் ஸார். பையனும் படிக்கிறான். இரண்டு பேரையும் கடல் பக்கம் விடப் போவதில்லை. 1974-ல் நடுக்கடலில் கோடு போட்டார்கள். அந்தப் பக்கம் போனால் பிடிக்கிறார்கள், இந்தப் பக்கம் மீன் இல்லை. ஆனால் அவளும் கேள்வி கேட்கிறவள். யாரும் அவளை உட்காரச் சொல்லாமல் இருந்தால் போதும்."

மூன்று நாளாகக் கடல் வாழ்க்கையின் பெருமையை மனத்துக்குள் கட்டுரையாக எழுதிக்கொண்டு வந்த எனக்கு, அந்தக் கட்டுரையில் அடித்துத் திருத்த வேண்டிய இடங்கள் பல இருப்பது தெரிந்தது.

★

நான்காம் நாள் காரங்காட்டு அலையாத்திக் காடுகளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பிற்பகலில் தேவிபட்டினம் சேர்ந்தோம். கடலுக்குள்ளே நிற்கும் ஒன்பது கற்களை நவபாஷாணம் என்கிறார்கள். இலங்கைக்குச் செல்லுமுன் இராமபிரான் நவக்கிரகங்களாகப் பிரதிஷ்டை செய்தார் என்பது ஐதிகம். கரையிலிருந்து நடைமேடை வழியாகப் போகிற யாத்திரிகர்களுக்கு அது கடலுக்குள் இருக்கும் கோயில். நாங்கள் கடலிலிருந்து வந்தோம். எங்களுக்கு அது கரையின் முதற்படியாகத் தெரிந்தது. கடல் கடக்கப் போகிறவன் முதலில் கிரகங்களை வணங்கினான் என்பதில் வியப்பில்லை. பலகையில் அரை மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு அது நன்றாக விளங்கும்.

என் மனைவி ஒன்பது கல்லையும் சுற்றிவிட்டு வெகு நேரம் கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "அந்தக் கடன் அடைய வேண்டும் என்று" என்றாள். எந்தக் கடன் என்று நான் கேட்கவில்லை. வத்தைக் கடனாகவும் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு, சோழர் பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் 1025 என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் வங்காள விரிகுடாவை வரைந்து, கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று நான்கு திக்கிலும் நான்கு அம்புகள் போட்டேன்.

"ஸார், இது தேர்வில் வருமா?" என்றான் முதல் பெஞ்சிக்காரன்.

"வராது. எழுதிக்கொள்" என்றேன்.

கடைசி பெஞ்சியில் ஒரு கை உயர்ந்தது. என்ன கேட்கப் போகிறானோ என்று வயிற்றைக் கலக்கிற்று. இருந்தாலும், "கேள்" என்றேன்.